சன்ரூஃப் கண்ணாடியின் விலை எங்கே ஏறுகிறது?

சொகுசுக் காரின் சன்ரூஃப் உடைந்து சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் வாங்கினால், கண்ணாடி என்று எழுதிய வரி அந்தத் தாளில் ஒன்றுதான் இருக்கும். அதற்குக் கீழே பீடிங், கிளிப், பசை, பிரைமர், ரூஃப் லைனிங் இறக்கி ஏற்றும் கூலி, புரோகிராமிங் என்று வரிசை நீளும். தொகை பல பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தொடுவதும் உண்டு. ஒரே மாடலில் ஒரே ஆண்டு வந்த இரண்டு கார்களுக்குக்கூட ஒரே தொகை வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றில் நாலைந்து திருகுகளைக் கழற்றினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். மற்றதில் காரின் உள்கூரையையே இறக்க வேண்டியிருக்கும். கண்ணாடி கூரையோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பல சமயம் செலவைத் தீர்மானிக்கிறது.

கார் கூரைகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கண்ணாடிகளே பயன்படுகின்றன. முதலாவது டஃபன்டு கண்ணாடி. வெட்டி வளைத்த கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று ஆறவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி தாமதமாக ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த இழுபறியே அதன் பலம். ஐ.நா.வின் வாகனக் கண்ணாடி விதியான 43ஆம் எண் ஒழுங்குமுறை, 227 கிராம் எஃகுக் குண்டை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும், கண்ணாடி தடிமனாக இருந்தால் இரண்டரை மீட்டரிலிருந்து போட்டாலும் இந்த வகை தாங்க வேண்டும் என்கிறது. ஆனால் ஓரத்தில் விழுந்த ஒரு கீறல் ஆழமாகி உள்ளே இழுவிசையில் இருக்கும் பகுதியைத் தொட்டுவிட்டால், அடுத்த நொடியே மொத்தக் கண்ணாடியும் கற்கண்டுபோல உதிர்ந்துவிடும். முன்பக்கக் கண்ணாடியில் சிறு விரிசல் விழுந்தால் ரெசின் விட்டு அடைப்பதுபோல இதை அடைக்க வழியில்லை. உடைந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

இரண்டாவது லேமினேட்டடு கண்ணாடி. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை, வழக்கமாக 0.76 மில்லிமீட்டர் கனத்தில், வைத்து ஒட்டுவார்கள். காரின் முன்பக்கக் கண்ணாடி இந்த ரகம்தான். பிரான்சைச் சேர்ந்த எதுவார் பெனெதிக்துஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. விலை டஃபன்டைவிடக் கூடுதல். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கும், காருக்குள் கொட்டாது. சொகுசுக் கார்களில் இந்தப் படலமே வெயிலின் வெப்பத்தைத் தடுப்பதாகவும் சத்தத்தை உறிஞ்சுவதாகவும் இருக்கும். அந்த வசதி ஒவ்வொன்றும் விலையில் ஏறியிருக்கும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் எந்த வகை என்று கண்டுபிடிக்கக் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐரோப்பிய ஒப்புதல். எண் 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ். பக்கத்தில் ரோமன் எண் ஐந்து இருந்தால், ஒளி 70 சதவீதத்துக்கும் குறைவாகவே ஊடுருவும் கருங்கண்ணாடி என்று பொருள். கூரைக் கண்ணாடிகளில் இது சகஜம். இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553. தயாரிப்பாளர் பெயரும், பல சமயம் டெம்பர்டா (அதாவது டஃபன்டா) லேமினேட்டடா என்பதும் அங்கேயே அச்சாகியிருக்கும். கண்ணாடி நொறுங்கிவிட்டாலும் முத்திரை உள்ள துண்டைத் தேடி எடுத்து வைப்பது நல்லது. தவறான கண்ணாடியை வரவழைத்துத் திருப்பி அனுப்பும் செலவை அந்தத் துண்டு மிச்சப்படுத்தும்.

அளவும் ஒரு காரணம்தான். கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு. 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 10 கிலோ நிற்கும். பழைய பாணி சன்ரூஃப் முன்சீட்டுக்கு மேலே ஒரு சிறு பலகை. பனோரமிக் சன்ரூஃபில் முன்பகுதி நகரும், பின்பகுதி நிலையாக ஒட்டியிருக்கும். லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் பழைய தலைமுறைகளில் மூன்று தனித்தனிக் கண்ணாடிகள். பல துண்டுகளாக இருந்தால் உடைந்ததை மட்டும் மாற்றலாம் என்பது உரிமையாளருக்கு அனுகூலம். கூரை முழுவதையும் ஒரே கண்ணாடி மூடும் மின்சாரக் கார்களில் அந்த வழி இல்லை.

பெரிய கண்ணாடி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வளைந்திருக்கும். அந்த வளைவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் பீடிங் உட்காராது. ஓரத்தைச் சுற்றிலும் காணப்படும் கறுப்புப் பட்டை வெறும் அலங்காரத்துக்காகப் போட்டதல்ல. கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் பூச்சு அது. கீழே உள்ள பசையை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. இந்தப் பூச்சு உள்ள பகுதி மற்ற இடத்தைவிட வலுக்குறைந்தது என்பதை 2013இல் தென்கொரிய ஆய்வாளர்கள் கண்டறிந்து ஐ.நா. வாகன விதிக் குழுவில் எழுப்பினார்கள். பனோரமிக் கண்ணாடியில் பட்டை அகலமாக இருப்பதால் பேச்சு சூடு பிடித்தது.

விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பவை நிறம் மாறும் கண்ணாடிகள். மெர்சிடிஸ் பென்ஸ் 2011இல் எஸ்.எல்.கே. காரில் மேஜிக் ஸ்கை கன்ட்ரோல் என்ற கூரையைக் கொண்டுவந்தது. கண்ணாடிக்குள் உள்ள படலத்தில் மிதக்கும் நுண்துகள்கள், மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு வரிசைக்கு வந்து ஒளியை விடும்; மின்சாரத்தை நிறுத்தினால் தாறுமாறாகக் கலைந்து இருட்டாக்கும். பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ்., போர்ஷே டைகான் ஆகியவற்றிலும் பட்டனைத் தட்டினால் பால்வெள்ளையாகும் கூரைகள் விருப்பத் தேர்வாகக் கிடைக்கின்றன. இத்தகைய கண்ணாடி ஒரு மின்சாதனம். வயர், கனெக்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் அதோடு சேர்த்தி. வெளிச்சந்தையில் இதற்கு மாற்று கிடையாது. கம்பெனி சொல்லும் விலைதான் விலை.

அடுத்து, பாகம் எப்படி விற்கப்படுகிறது என்பது. கார் கம்பெனிகள் சன்ரூஃபைத் தாமே செய்வது அரிது. ஜெர்மனியின் வெபாஸ்டோ, நெதர்லாந்தின் இனால்ஃபா போன்ற நிறுவனங்கள் கண்ணாடி, ரெயில், மோட்டார், உள்திரை, சட்டம் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கட்டிக் கொடுக்கின்றன. பணிமனைகளில் அதைக் கேசட் என்பார்கள். உடைந்தது கண்ணாடி மட்டும் என்றால், கண்ணாடிக்குத் தனிப் பாக எண் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் செலவு ஒரு மாதிரி. கேசட்டோடுதான் வாங்க வேண்டும் என்றால் முற்றிலும் வேறு. தனியாக விற்கும்போதும் வெறும் கண்ணாடி வருவதில்லை. அதைச் சுற்றிப் பாலியூரித்தேன் வார்த்து, உலோகச் சட்டம், திருகு மாட்டும் தாங்கிகள், பீடிங் வரை பதித்தே வரும்.

சரியான பாக எண்ணைச் சேஸி நம்பரை வைத்துத்தான் எடுக்க முடியும். பி.எம்.டபிள்யூ.வில் 402 என்ற தேர்வு எண் பனோரமிக் கூரை, 403 சாதாரணக் கண்ணாடி சன்ரூஃப். மெர்சிடிசில் 413 பனோரமிக், 414 சாதாரணம். மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் போனில் சொல்லி வாங்கிய விலையைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை.

சேஸி நம்பரைக் கொடுக்கும்போதே திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளலாம். கண்ணாடியைச் சட்டத்தோடு பிணைக்கும் பசை காலப்போக்கில் விட்டுப்போகலாம் என்று 2019 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 7.4 லட்சம் பழைய மெர்சிடிஸ் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தகைய அழைப்பின் கீழ் வரும் வேலைக்கு உரிமையாளர் கையிலிருந்து பணம் போகாது.

எப்படி உடைந்தது என்பதும் தொகையைத் தீர்மானிக்கும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல், மேலே விழுந்த தேங்காய் அல்லது மரக்கிளை ஆகியவை கண்ணாடியோடு நிற்கலாம். கூரைத் தகட்டையும் நசுக்கலாம். தகடு நெளிந்திருந்தால் டிங்கர் வேலை, பெயின்ட் வேலை இரண்டும் சேரும். காரணமே இல்லாமல் வெடித்ததாகச் சொல்லப்படும் கேஸ்களும் உண்டு. உருக்கும்போது உள்ளே தங்கிவிட்ட நிக்கல் சல்ஃபைடுத் துகள் பல ஆண்டுகள் கழித்து மெல்லப் பருத்து டஃபன்டு கண்ணாடியை உடைக்கும் என்பது கண்ணாடித் தொழிலில் அறிந்த உண்மை. ஆனால் உதிர்ந்த குவியலில் அதை நிரூபிக்க முடிவது அபூர்வம். வாரண்டி பேச்சுவார்த்தை பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கும்: வெளியிலிருந்து அடிபட்டது என்று கம்பெனி சொல்லும், அடிபடவில்லை என்று உரிமையாளர் சொல்வார். கல்யாண ஊர்வலத்திலும் கட்சி ஊர்வலத்திலும் சன்ரூஃப் விளிம்பில் ஏறி உட்காருவது தனி ரகம். அந்தச் சட்டமும் ரெயிலும் ஆள் எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. ரெயில் வளைந்தால் கண்ணாடியை மாற்றியும் பயனில்லை, கேசட் போட வேண்டியதுதான்.

பலரும் எதிர்பாராத செலவு, உதிர்ந்த துண்டுகளால் வருவது. டஃபன்டு கண்ணாடி நொறுங்கும்போது ஆயிரக்கணக்கான சில்லுகள் ரெயில் பள்ளத்திலும், உள்திரை சுருண்டிருக்கும் உருளையிலும், நான்கு மூலைகளிலும் உள்ள தண்ணீர் வடிகுழாய்களிலும் புகுந்துவிடும். ரெயிலில் ஒரு சில்லு தங்கினாலும் புதுக் கண்ணாடி நகரும்போது கிரீச்சிடும், அல்லது மோட்டார் பாதியில் நின்றுவிடும். திரைத் துணி கிழிந்திருந்தால் அதற்கும் தனி விலை. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் அடுத்த மழையில் தண்ணீர் பில்லர் வழியாக இறங்கித் தரைவிரிப்பை நனைக்கும். சொகுசுக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் சில சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரத்திலும் இருப்பதால், அந்த ஈரம் கண்ணாடியின் விலையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். உடைந்தவுடன் சன்ரூஃப் சுவிட்சைத் தொடாமல், உள்திரையையும் இழுக்காமல் விட்டாலே பாதிச் சேதம் குறையும். சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது, சில்லுகளை ரெயிலுக்குள் அரைத்துத் தள்ளுவதற்குச் சமம்.

கூலியைப் பொறுத்தவரை, முன்னால் உள்ள நகரும் கண்ணாடி பெரும்பாலும் எளிது. பக்கவாட்டு மூடியை நீக்கினால் திருகுகள் தெரியும். மாட்டிய பிறகு உயரத்தைச் சரிசெய்வதில்தான் கைத்திறமை இருக்கிறது. முன் விளிம்பு கூரை மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை தாழ்ந்தோ, பின் விளிம்பு சமமாகவோ மயிரிழை உயர்ந்தோ நிற்க வேண்டும் என்று பல கம்பெனிகளின் கையேடு சொல்கிறது. அது தலைகீழானால் 80 கிலோமீட்டர் வேகத்தில் விசில் சத்தம் கேட்கும். நிலையாக ஒட்டிய பின்கண்ணாடிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பழைய பசையைக் கம்பியால் அறுத்து எடுத்து, பெயின்ட் கீறிய இடத்தில் பிரைமர் அடித்து, புதுப் பசை போட்டு, அது இறுகும்வரை காரை அசைக்காமல் நிறுத்த வேண்டும்.

கேசட்டை மாற்றுவதானால் அது வேறு உலகம். பல மாடல்களில் அதைக் கீழிருந்துதான் ஏற்ற முடியும். அதற்கு ரூஃப் லைனிங்கை முழுதாக இறக்க வேண்டும். அதற்கு முன்னால் பில்லர் கவர்கள், சன்வைசர், கைப்பிடிகள், உள்விளக்குகள் எல்லாம் கழல வேண்டும். ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் ஓடுவதால் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டே வேலை தொடங்கும். லைனிங் மடங்கினால் கோடு விழுந்துவிடும். அல்கன்டாரா போன்ற துணி போர்த்திய லைனிங் என்றால் அதன் விலையே சிலரைத் தலைசுற்ற வைக்கும். எல்லாம் முடிந்ததும் ஸ்கேனர் வைத்தோ சுவிட்சை அழுத்திப் பிடித்தோ மோட்டாருக்குத் தொடக்கமும் முடிவும் எங்கே என்று திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். விரல் மாட்டினால் நின்று திரும்பும் பாதுகாப்பு வசதி இந்த அளவீட்டை நம்பியே இயங்குகிறது. அதே சமயம், கூரைக் கண்ணாடி மாற்றியதற்காக முன்பக்கக் கேமராவை அளவுதிருத்தியதாக எஸ்டிமேட்டில் ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேட்கலாம். அது முன்பக்கக் கண்ணாடியை எடுத்தால்தான் பொதுவாகத் தேவைப்படும்.

பாகம் வரும் வழியும் நீளம். மெர்சிடிசின் உலகளாவிய உதிரிபாகக் கிடங்கு ஜெர்மனியில் கெர்மர்ஸ்ஹைமிலும், பி.எம்.டபிள்யூ.வுடையது டிங்கோல்ஃபிங்கிலும் இருக்கின்றன. இந்தியக் கிடங்கில் இருப்பு இல்லையென்றால் அங்கிருந்து வர வேண்டும். விமானச் சரக்கில் எடை, கனஅளவு இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். வழக்கமாக 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவார்கள். கண்ணாடி 12 கிலோ என்றே வைத்துக்கொண்டாலும், உடையாமல் வர அதை 120 சென்டிமீட்டர் நீளம், 100 அகலம், 25 உயரமுள்ள பெட்டியில் அடைத்தால் 50 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். கப்பலில் வந்தால் மலிவு, ஆனால் வாரக்கணக்கில் கார் மூடியபடி நிற்கும். இதன்மேல் சுங்க வரி, அதன்மேல் ஜி.எஸ்.டி. முன்பு பல உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது இந்த ரசீதில் ஓரளவு தெரியும்.

தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை இருக்கிறது. சென்னையில் 2024இல் இனால்ஃபாவும் கேப்ரியல் இந்தியாவும் சேர்ந்து சன்ரூஃப் ஆலை தொடங்கின. ஆனால் அந்தச் சன்ரூஃப் ஆலை குறிவைப்பது ஹூண்டாய், கியா போன்ற பெருவாரியாக விற்கும் கார்களை. அவற்றின் உடைந்த கண்ணாடி சீக்கிரமும் மலிவாகவும் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். பி.எம்.டபிள்யூ. 2007 முதல் மறைமலைநகர் பக்கம் மஹிந்திரா சிட்டியில் பாகங்களைப் பூட்டிக் கார் தயாரிக்கிறது. இங்கே பூட்டிய கார் என்பதால் அதன் எல்லாப் பாகமும் இங்கேயே கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. அதிகம் விற்காத மாடலுக்கு எந்தக் கிடங்கும் கூரைக் கண்ணாடியை அடுக்கி வைத்துக் காத்திருக்காது.

விலையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. கார் கம்பெனியின் சின்னம் பதித்த கண்ணாடிக்கும், அதே தயாரிப்பாளர் சின்னமில்லாமல் வெளிச்சந்தையில் விற்கும் கண்ணாடிக்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை, விலையில் இருக்கும். வேறு நிறுவனங்கள் அச்சுப் பார்த்துச் செய்யும் கண்ணாடியில் வளைவும் வெப்பத் தடுப்பும் ஒத்துப்போகிறதா என்பது சந்தேகத்துக்குரியது. வெப்பத் தடுப்பில் உள்ள வித்தியாசம் சென்னை வெயிலில் முதல் நாளே உச்சந்தலையில் தெரிந்துவிடும். விபத்தில் சிக்கிய கார்களிலிருந்து கழற்றிய பழைய கண்ணாடி இன்னொரு வழி. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் சிலசமயம் அமையும். திருகில் மாட்டும் முன்கண்ணாடிக்கு இது ஒத்துவரலாம். ஒட்டிய கண்ணாடியை அறுத்து எடுக்கும்போது ஓரம் சிறிது பெயர்ந்திருந்தாலும் அது மறுபடி உடையக் காத்திருக்கும் கண்ணாடி என்பதால், அதை வாங்காமல் இருப்பதே மேல்.

கடைசியில் இந்தத் தொகையில் எவ்வளவு கையிலிருந்து போகும் என்பதைக் காப்பீடு முடிவு செய்கிறது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. பீடிங்கும் பிளாஸ்டிக் சட்டமும் இந்தக் கணக்கில் அடிபடும். ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது பம்பர் டு பம்பர், எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. பசை, பிரைமர் போன்ற செலவாகித் தீரும் பொருள்களுக்குத் தனிச் சேர்க்கை வேண்டும். 1500 சி.சி.க்கு மேற்பட்ட காரில் ஒவ்வொரு கிளைமுக்கும் 2,000 ரூபாய் கட்டாயமாக உரிமையாளர் பங்கு. மோட்டார் தேய்ந்து நின்றது, பீடிங் வெயிலில் வெடித்தது போன்றவை விபத்து அல்ல என்பதால் கிளைமில் வராது. சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்தது உடைந்தபடி இருப்பதும், உடனே எடுத்த படங்கள் கையில் இருப்பதும் அவசியம்.

கிளைம் போடுவதா வேண்டாமா என்பதற்கு என்.சி.பி. எனப்படும் கிளைம் இல்லாப் போனஸைக் கணக்குப் பார்க்க வேண்டும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூச்சியத்துக்கு இறங்கும். சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய், போனஸ் 50 சதவீதத்தில் நிற்கிறது என்று கொள்வோம். கிளைமுக்குப் பின் முதல் புதுப்பிப்பில் 50,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் 30,000, 25,000, 15,000, 5,000. பிரீமியம் மாறாமல் இருந்தால் மொத்தம் 1,25,000 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையில் சற்றுக் குறைவாகவே வரும். திருகில் மாட்டும் ஒரு சிறு கண்ணாடிக்கு இதைவிடக் குறைந்த ரசீது என்றால் சொந்தப் பணத்தில் மாற்றிக்கொள்வதே லாபம். லைனிங் இறக்கிக் கேசட் மாற்றும் வேலை என்றால் தயங்காமல் கிளைம் போடலாம். என்.சி.பி. பாதுகாப்பு என்ற சேர்க்கையை எடுத்திருந்தால், அதன் நிபந்தனைக்குள் வரும் கிளைமுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது. அது இருக்கிறதா என்பது பாலிசியின் பிரீமியம் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.